இளையோரும் வேத வாசிப்பும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்த ஒருநாட் பிற்பகலில், மாணவனொருவன் என் அறை வாயிலில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தான். உள்ளே அழைத்தேன். அவன் கணிதத்தில் சித்தியெய்தவில்லை. உயர்தர வகுப்புக்குச் செல்லும் வழி தடைப்பட்டிருந்தது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவனோ ஆறுதல் கேட்க வந்தவனல்லன்.

“சேர், எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தை ஞாயிறு பாடசாலையில் நீங்கள்தானே எங்களுக்குப் பாடமாக்கித் தந்தீர்கள்? ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தேன். அப்படியென்றால் அந்த வசனம் பொய்யா?” என்றான்.

நேயர்களே, மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வதே என் தொழில். ஆயினும் இக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையிருக்கவில்லை. இறைவன் தம் மக்களுக்கு நல்லதோர் எதிர்காலத்தைக் கருதியிருக்கிறார் என்பது அவ்வசனத்தின் பொருள். அதனை வண்ண அட்டையில் எழுதிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, பிழையின்றி ஒப்புவித்தவர்களுக்குப் பென்சிற் பெட்டி பரிசளித்தவன் நானே. அட்டையின் அடியில் அதிகாரமும் வசன இலக்கமும் திருத்தமாக இருந்தன. ஆனால் அவ்வசனத்துக்கு முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது என்பதை ஒருநாளேனும் நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியதில்லை.

அன்றிரவு அவ்வதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் ஒருவன் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும் என்று மக்களுக்கு இனிக்க இனிக்கப் பேசுகிறான். எரேமியாவின் கடிதமோ வேறு வகையானது. போன இடத்திலேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், அந்த அந்நிய நகரத்தின் நலத்துக்காகவும் மன்றாடுங்கள் என்று அது கூறுகிறது. மீட்சிக்கு 70 ஆண்டுகள் செல்லும் என்கிறது 10ஆம் வசனம். அதற்கு அடுத்ததுதான் நாம் அட்டையில் எழுதிக்கொண்ட 11ஆம் வசனம். கடிதத்தைக் கையிற் பெற்ற முதியோருட் பெரும்பாலோர் தம் ஊரை மீண்டும் காணாமலே கண்மூடியிருப்பர். விரைவிற் கிடைக்கும் வெற்றிக்கு உறுதியளிக்கும் வாக்கன்று அது. நெடுங்காலம் காத்திருக்க வேண்டியவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட வாக்கு.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, அவனும் நானுமாக அக்கடிதத்தை முழுவதும் வாசித்தோம். முடிந்ததும் அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “இதை முதலே சொல்லியிருக்கலாமே, சேர்” என்றான். அது நியாயமான குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அவன் மீண்டும் பரீட்சைக்குத் தோற்றினான். அதன் பெறுபேறு இந்தப் பேச்சுக்குப் பொருளன்று. ஆதலால் அதனை இங்கே கூறவில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் நாள்தோறும் வேதாகமத்தை வாசிக்க வேண்டும், வசனங்களை மனனஞ் செய்ய வேண்டும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்வர். ஆனால் இவ்விரண்டையும் நாம் வெவ்வேறு வேலைகளாகப் பிரித்து வைத்துவிட்டோம். வாசிப்பு ஒருபுறம் ஏனோதானோவென்று நடக்கிறது. மனனம் மற்றொருபுறம் போட்டிக்காகவும் பரிசுக்காகவும் நடக்கிறது. வாசித்தறியாத பகுதியிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் பறித்துப் பிள்ளையின் வாயில் வைப்பது, வேரில்லாத கிளையை நட்டுத் தண்ணீர் ஊற்றுவது போன்றது. சில நாட்களுக்கு அது பசுமையாகவே தோன்றும்.

வசனங்களுக்கு இலக்கமிட்டவர்கள் தீர்க்கதரிசிகளுமல்லர், அப்போஸ்தலர்களுமல்லர் என்பதை இளையோருக்கு முதலிற் சொல்லிவிடுவது நன்று. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தேவான் லாங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞரால் அமைக்கப்பட்டதென்பர். புதிய ஏற்பாட்டின் வசனப் பிரிவை 1551ஆம் ஆண்டில் றொபேர் எத்தியென் என்னும் பிரெஞ்சு அச்சகத்தார் தம் கிரேக்கப் பதிப்பில் ஏற்படுத்தினார். தேடியெடுப்பதற்கு அவை மிகவும் வசதியானவை. ஒரு தெருவிலே வீடுகளுக்கு இலக்கமிடுவது போன்றதே இது. வீட்டிலக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பவன் அவ்வீட்டாரையும் அறிந்தவனாகிவிட மாட்டான்.

இதற்கு வேதாகமத்திலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசு வனாந்தரத்தில் மூன்று முறை சோதிக்கப்படுகிறார். மூன்று முறையும் உபாகமத்தின் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்து விடையளிக்கிறார். மனனத்தின் பயனை விளக்க நாம் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். ஆனால் அங்கே வசனத்தை மனனஞ் செய்திருந்தவர் இன்னொருவரும் உண்டு. சோதனைக்காரனும் 91ஆம் சங்கீதத்தைப் பிழையின்றி எடுத்தோதுகிறான். பிழையின்றி என்றேனாயினும், அது முற்றும் சரியன்று. மனிதன் நடந்து செல்லும் வழிகளைக் குறித்து அச்சங்கீதத்தில் வரும் சொற்கள் அவன் வாயில் விடுபட்டுப் போகின்றன. வழியிற் செல்பவனுக்குக் காவல் உண்டு என்ற வாக்கு, கோபுரத்திலிருந்து வேண்டுமென்றே குதிப்பவனுக்கும் பொருந்துவதுபோல் ஆகிவிடுகிறது. நாற்பது வசனம் ஒப்புவித்து முதற் பரிசு பெற்ற பிள்ளையை நாம் மேடையிலேற்றிப் பாராட்டும்போது இக்காட்சியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

பிலிப்பியர் 4ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தை இன்று விளையாட்டு வீரரின் சட்டையிலும் மாணவரின் கொப்பி அட்டையிலும் காண்கிறோம். எதையும் சாதிக்கும் வல்லமை பற்றிய வசனமாக அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. பவுல் அதனை எழுதும்போது விலங்கோடு சிறையில் இருக்கிறார். அதற்கு முந்திய இரு வசனங்களில் அவர் பேசுவது நிறைவாக உண்ட நாட்களையும் பட்டினி கிடந்த நாட்களையும் பற்றி. இரண்டிலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதைப் பற்றி. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவனைவிடக் கடைசியாக வந்தவனுக்கே அவ்வசனம் கூடுதலாக உரியது என்று நான் கருதுகிறேன்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தட்டிலே கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்து, அவ்வாண்டுக்குரிய வசனமாகப் பேணிக்கொள்வர். பிள்ளைகளுக்கு அதிற் பெருமகிழ்ச்சி. அதனை நிறுத்திவிட வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. அட்டையைக் கொண்டுவந்த பிள்ளையை வீட்டிலே இருத்தி, அவ்வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசிக்கச் செய்தாற் போதும். நற்பேறு பார்க்கும் சீட்டாக அது மாறிவிடாது. கைபேசியில் நாள்தோறும் வந்து விழும் வசனங்களுக்கும் இதுவே பொருந்தும். படத்தோடு வருகின்ற ஒற்றை வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவதை வேத வாசிப்பென்று சொல்ல இயலாது. அதே கைபேசியில் முழு வேதாகமமும் இருக்கிறது என்பதையும் மறுத்தற்கில்லை.

இனி, வாசிப்பை எங்கே தொடங்குவது?

ஆர்வமுள்ள இளைஞர் பலர் ஜனவரி முதலாந் திகதி ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் தொடங்குகின்றனர். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50 அதிகாரம்; யோசேப்பின் கதை வரையில் யாரும் சோர்வதில்லை. யாத்திராகமம் 40 அதிகாரம். அதன் பிற்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் கண் சொருகத் தொடங்கும். நாளுக்கு மூன்றாக வாசித்தவன் ஜனவரி 31ஆம் நாள் லேவியராகமத்தின் வாசலில் வந்து நிற்பான். பலிகளின் வகைகளும் தோல் நோய்ச் சட்டங்களும் அவனை எதிர்கொள்ளும். அந்த வாசலிலிருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருவன்; ஒருமுறையன்று, மும்முறை. லேவியராகமம் பயனற்ற நூலென்பது என் கருத்தன்று. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை அறிந்தவனுக்கு அது சுவைமிக்கது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைத் துணையின்றி அதற்குள் அனுப்பிவிட்டு, வேதத்தில் நாட்டமில்லாதவன் என்று அவனைக் கடிந்துகொள்வது முறையாகாது.

முதலில் மாற்கு எழுதிய சுவிசேஷத்தைக் கொடுங்கள். நான்கு சுவிசேஷங்களுட் சிறியது அதுவே, 16 அதிகாரங்கள். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செல்வதால் இளம் பிள்ளையின் மனம் அலையாது. அடுத்து லூக்கா, அதன் தொடர்ச்சியாகிய அப்போஸ்தலருடைய நடபடிகள். அதன்பின் ஆதியாகமம், ரூத், சாமுவேலின் இரு நூல்கள். இடையிடையே சங்கீதங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் மாதத்தின் திகதிக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதுவும் நல்லதே. நிருபங்களையும் தீர்க்கதரிசன நூல்களையும் பதினைந்து வயதுக்குப் பின், அவை யாருக்கு, எந்த நிலைமையில் எழுதப்பட்டன என்று சொல்லித்தர ஒருவர் அருகிலிருக்க, வாசிக்கலாம்.

வாசிப்பு அட்டவணை என்பதும் புதிதன்று. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த றொபேட் மறி மக்செயின், 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்கு ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரமாக அது இன்றும் பலராற் பின்பற்றப்படுகிறது. சிறுவருக்கென அளவான பகுதிகளைக் குறித்த வாசிப்பு அட்டையை 1879இல் வேதாகம வாசிப்புச் சங்கத்தார் இங்கிலாந்தில் வெளியிட்டனர். கத்தோலிக்கத் திருச்சபையில் 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு, விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்கவேண்டுமென வற்புறுத்தியது. எந்த அட்டவணையாயினும் ஒரு குறைபாடு உண்டு. நான்கு நாள் தவறிவிட்டால், விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் வாசிப்பு கடன் தீர்க்கும் காரியமாகிவிடும். தவறிய நாட்களை விட்டுவிட்டு இன்றைய பகுதியை எடுக்கும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். அட்டவணை பிள்ளைக்காகவே உண்டாயிற்று.

வாசித்த பின் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். கேட்பவர் நாமல்லர், பிள்ளையே கேட்கட்டும். அப்போஸ்தலருடைய நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசவை அலுவலர் ஒருவர் தேரிலிருந்து ஏசாயாவின் நூலை உரத்து வாசித்துக்கொண்டு செல்கிறார். பிலிப்பு ஓடிச்சென்று, வாசிப்பது விளங்குகிறதா என்று வினவுகிறான். வழிகாட்ட ஒருவரில்லாமல் எப்படி விளங்கும் என்பது அவ்வலுவலரின் மறுமொழி. அவ்வளவு பெரிய பதவியிலிருந்தவர் தமக்கு விளங்கவில்லை என்று சொல்லக் கூசவில்லை. பிலிப்புவும் அவரைப் பரிகசிக்கவில்லை. தேரிலேறிப் பக்கத்தில் அமர்ந்துகொண்டான். நம் வீடுகளிலோ, “இது ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது?” என்று பிள்ளை கேட்டால், “வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது” என்று வாயடைத்து விடுகிறோம். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து செய்தவை இரண்டென்று லூக்கா கூறுகிறார்: ஒன்று செவிமடுத்தது, மற்றது வினாவியது. விடை தெரியாதபோது, தெரியாதென்று சொல்லிப் போதகரிடமோ ஆசிரியரிடமோ சேர்ந்து சென்று கேட்பதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது.

பிள்ளைக்கு விளங்காமைக்குச் சிலவேளை மொழியே காரணமாகிறது. தமிழில் வேதாகமத்துக்கு நீண்ட வரலாறுண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. நம் நாட்டிலே, பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் இளமையிலே துணைநின்றார் என்பதைச் சைவ நேயர்களும் நன்கறிவர். அது 1850இல் வெளிவந்தது. இன்று சீர்திருத்தத் திருச்சபையார் வீடுகளிற் பெரிதும் வழங்குவது, போவர் ஐயரின் தலைமையில் 1871இல் நிறைவெய்திய பதிப்பு. கத்தோலிக்கரும் மற்றைய திருச்சபையாரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

போவர் பதிப்பின் ஓசை எனக்கு மிகவும் உவப்பானது. என் காது அதிலே வளர்ந்தது. ஆனால் என் விருப்பத்தை என் பேரப்பிள்ளைகள் மேற் சுமத்தலாகாது. “இரட்சிப்பு”, “கிருபை”, “நீதிமான்” என்ற சொற்களைப் பொருளறியாமலே ஆண்டுக்கணக்காக ஒப்புவிக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வாசித்து விளங்கிக்கொள்வதற்கு எளிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மனனத்துக்கு மட்டும் ஏதேனும் ஒரு பதிப்பைத் தெரிந்து அதிலேயே நிற்க வேண்டும். இரண்டு பதிப்புகளில் ஒரே சங்கீதத்தைப் பாடமாக்கினால் சொற்கள் ஒன்றோடொன்று முட்டி இரண்டும் கலைந்து போகும்.

மனனத்தைப் பற்றி இக்காலக் கல்வியாளர் சிலர் இழிவாகப் பேசுகின்றனர். கிளிப்பிள்ளைப் பாடம் என்று அதற்கொரு பட்டமும் உண்டு. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் வாய்ப்பாடமாகச் சொல்லி வளர்ந்த நம்மவர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். தேவாரத்தைப் பண்ணோடு நெஞ்சில் தாங்கிய ஓதுவாமூர்த்திகள் ஏட்டைப் பார்த்துப் பாடியவர்களல்லர். எபிரெயரும் அவ்வாறே. 119ஆம் சங்கீதம் 176 வசனங்களையுடையது. அது எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஔவையார் அகரம் தொடங்கி எழுத்து வரிசையில் அறங்கூறியதைப் போன்றதொரு முறை அது. நினைவுக்கு உதவும் இத்தகைய கட்டமைப்பை வகுத்தவர்கள், இந்நூல் மனத்திலே இருக்கவேண்டுமென்று எண்ணியே வகுத்தனர் எனலாம்.

எப்படிப் பாடமாக்குவது என்பதில் நாம் பெரும்பாலும் தவறான வழியையே கையாளுகிறோம். ஒரே இருப்பில் இருபது தடவை திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்கிறோம். 1885ஆம் ஆண்டில் எபிங்கவுஸ் என்னும் ஜேர்மானிய உளவியலறிஞர், தம்மையே சோதனைப் பொருளாக்கிப் பொருளற்ற அசைகளைப் பாடமாக்கிப் பார்த்து ஒரு நூல் வெளியிட்டார். கற்றதன் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது, எஞ்சியது மெல்ல மெல்லவே தேய்கிறது என்பது அவர் கண்டது. 2006இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் றோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினர் பாடப்பகுதியை மீண்டும் வாசித்தனர். மற்றப் பிரிவினர் பகுதியை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே மேலோங்கினர். ஒரு வாரஞ் சென்று சோதித்தபோதோ நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்திவிட்டனர்.

ஞாயிறு காலையில் அவசரமாக உருப்போட்டு அன்றைக்கே ஒப்புவித்துப் பரிசு வாங்கும் பிள்ளை, திங்கட்கிழமை ஏன் விழிக்கிறது என்பதற்கு இதனின் வேறு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு தடவை வாசிக்கட்டும். நூலை மூடிச் சொல்லிப் பார்க்கட்டும். தடுமாறிய இடத்தில் மட்டும் திறந்து பார்க்கட்டும். மறுநாட் காலையில் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, வார முடிவில் ஒருமுறை, மாத முடிவில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடங்களே செல்லும். எழுதிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மேலும் நன்று.

அவ்வாறு பாடமாக்குவது ஒற்றை வசனமாக இராது, ஒரு முழுப் பகுதியாக இருக்க வேண்டும் என்பதே இப்பேச்சில் நான் வற்புறுத்த விரும்புவது. 23ஆம் சங்கீதம் ஆறு வசனங்கள். 100ஆம் சங்கீதம் ஐந்து. 121ஆம் சங்கீதம் எட்டு. மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் பாக்கிய வசனங்கள், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம், ஏசாயா 53 முதலியன சற்று நீண்டவை. வாரத்துக்கு இரண்டு வசனமென்றால், 121ஆம் சங்கீதம் ஒரு மாதத்துக்குரியது. ஆண்டுக்கு எட்டோ பத்தோ பகுதிகள் மனத்தில் நிற்குமானால் அதுவே பெருஞ்செல்வம்.

இதனை நான் கற்றுக்கொண்டது நூல்களிலிருந்தன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி வீதியில் இறங்கினர். நானும் அக்கூட்டத்திலொருவன், கலைப்பட்டம் பெற்று அதிக காலமாகாத இளைஞன். நாவற்குழிப் பாலத்தை அணுகுகையில் அடியெடுத்து வைக்க இடமின்றி மணிக்கணக்காக நின்றோம். மழை பெய்தது. அம்மம்மாவைச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து அரிசியும் உடுப்பும் பத்திரங்களும் எடுத்துவந்தோமேயன்றி, வேதாகமத்தை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. சிறுவர்கள் இருட்டில் அழத்தொடங்கியபோது அம்மம்மா 121ஆம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினார்.

அது ஆரோகண சங்கீதம் என்று தலைப்பிடப்பட்ட பதினைந்தில் ஒன்று; எருசலேமுக்கு ஏறிச்செல்லும் யாத்திரிகர் வழியிற் பாடியதாகக் கருதப்படுவது. போக்குவரவுக்குக் காவல் கேட்கும் பாட்டு. அம்மம்மா ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். அரிக்கன் விளக்கின் முன்னிருந்து இரவுதோறும் ஓர் அதிகாரம் உரத்து வாசித்து, பிடித்த சங்கீதங்களை முழுமையாகவே மனத்தில் ஏற்றிக்கொண்டவர். அன்று எட்டு வசனங்களையும் தடங்கலின்றிச் சொல்லி, மீண்டும் முதலிலிருந்து சொன்னார். அருகில் நின்ற குடும்பத்தார் சிலர் சேர்ந்துகொண்டனர். சிறுவயதில் வசனப் போட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசு பெற்றவன் நான். அச்சங்கீதத்தின் முதல் வசனம் எனக்குத் தெரியும்; அதன் இலக்கமும் தெரியும். இரண்டாம் வசனத்துக்கு அப்பால் என் நா எழவில்லை. அம்மம்மாவின் குரலைத் தொடர்ந்து முணுமுணுத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன்.

அத்தனையும் அறிந்திருந்தும், ஆண்டுகள் பல சென்றபின் நானே ஞாயிறு பாடசாலையில் ஒற்றை வசன அட்டைகளைப் பங்கிட்டேன் என்பதை மேலே சொன்னேன். பழக்கத்தின் பிடி அத்தகையது. பாடத்திட்டமும் பரிசளிப்பு விழாவும் அட்டையையே வேண்டி நிற்கின்றன. ஒரு சங்கீதம் முழுவதையும் ஒரு மாதமாகப் பாடமாக்கிய பிள்ளைக்குப் புள்ளியிடுவது கடினம். இப்போது எங்கள் ஞாயிறு பாடசாலையில் பரிசுகளை நிறுத்திவிட்டோம். மாதத்தின் கடைசி ஞாயிறு பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று அம்மாதத்துக்குரிய பகுதியை ஒன்றாகச் சொல்வார்கள். மறந்தவனை மற்றவர்களின் குரல் ஏற்றிச் செல்லும். பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தம் பிள்ளையின் திறமை தனியாகத் தெரியவில்லையே என்று குறைப்படுகின்றனர்.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுண்டு: நீங்கள் பாடமாக்கினீர்களா? உபாகமம் 6ஆம் அதிகாரம், கற்பனைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லுமுன் அவை பெற்றோரின் நெஞ்சில் இருக்கவேண்டும் என்று கூறுகிறது. போதிக்கும் இடமாக அது வகுப்பறையைச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கைக்குப் போகும்போதும், எழும்போதும் என்கிறது. தீமோத்தேயுவின் நம்பிக்கையைப் பற்றிப் பவுல் எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தந்தை தொலைக்காட்சியின் முன்னிருந்துகொண்டு, “போய் வேதத்தை வாசி” என்று மகனை உள்ளறைக்கு அனுப்பினால், அது அவனுக்குத் தண்டனையாகவே படும்.

நாளை இரவே தொடங்க விரும்பும் குடும்பத்தாருக்கு ஒரு யோசனை. இரவு உணவு முடிந்ததும் கைபேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, மாற்கு முதலாம் அதிகாரத்தை எடுங்கள், 45 வசனங்கள். ஒருவர் மாறி ஒருவராக உரத்து வாசித்தாற் பத்து நிமிடத்துக்கு மேற்படாது. வாசிக்கத் தெரியாத சின்னப்பிள்ளையும் உடனிருக்கட்டும். முடிந்ததும், விளங்காத ஓரிடத்தை ஒவ்வொருவரும் சொல்லட்டும். முதலில் தந்தை சொல்லட்டும். பதினாறு இரவுகளில் சுவிசேஷம் முடிந்துவிடும். 121ஆம் சங்கீதத்தின் முதலிரு வசனங்களை இந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.